செவ்வாய்க்கு ஒன்று

ஜூன் 4, ஞாயிறு

ஐம்பத்தாறு வயதில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பார்மசிஸ்ட் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் எட்டு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்குப் போய்ப் பாடம் கேட்க வேண்டுமாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சனியன் வரும். போன இரண்டு தடவையும் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டவுனில் அல்வா வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஆலங்குளம் வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை வாசலில் கைரேகை மெஷின். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை. முப்பது வருடம் மாத்திரை அட்டை வெட்டித் தேய்ந்த விரல் என்பதால் மெஷின் மூன்று தரம் என்னை யாரென்றே தெரியாது என்றது.

பாடம் எடுப்பவர் பெயர் நஸ்ரின் பானு. என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தார். இன்று என்ன கற்றேன், அது எனக்கு எதை ஞாபகப்படுத்தியது என்று தினமும் எழுத வேண்டுமாம். நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். ஆனால் கடைசி வகுப்பன்று, நம் கடையில் நாமே செய்த ஒரு தவறைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் பதிவு.

"தப்பே செய்யாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நானும் சங்கரன்கோவில்காரர் ஒருவரும் கை தூக்கினோம். ஹாலே சிரித்தது. சங்கரன்கோவில்காரரும் சிரித்துக்கொண்டே கையை இறக்கிவிட்டார். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் இறக்கினேன்.

ஜூன் 6, செவ்வாய்

நோட்டு நல்ல தாள். வீணாக்க மனமில்லை. எழுதுகிறேன்.

என் கடை நாயகம் மெடிக்கல்ஸ். பஸ் ஸ்டாண்டிலிருந்து பீடிக் கம்பெனிக்குப் போகும் வழியில் இருக்கிறது. பீடித் தட்டைச் சுமந்துகொண்டு கம்பெனிக்கு வரும் பெண்கள்தான் எனக்குப் பாதி வியாபாரம். பழைய ஆட்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் மாத்திரைக் கவரின் மேல் படம் போட்டுத் தருவது இங்கே பழக்கம். காலைக்குச் சூரியன், மத்தியானத்துக்குச் சோற்றுத் தட்டு, ராத்திரிக்குப் பிறை. என் சூரியன் ஊரில் பிரசித்தம். எட்டுக் கதிர், நடுவில் ஒரு சிரித்த முகம். ஆள் வந்து நின்றதுமே என் கை சூரியனைப் போட ஆரம்பித்துவிடும்.

இப்போது போடுவதில்லை. பதினொரு வருடமாக அச்சடித்த லேபிள்தான். நேரம் மிச்சம்.

ஜூன் 7, புதன்

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கவுண்ட்டர் கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம், மூன்று தட்டு. எழுந்து பார்த்தால் யாரும் இல்லை. பல்லியாக இருக்கும்.

ஜூன் 11, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. மருந்துக் கவரில் எப்படி எழுதுவது என்பது பாடம். நஸ்ரின் பானு திரையில் ஒரு கவரைக் காட்டினார். எந்த ஊர்க் கவரோ, அதில் ஒரு சூரியன். எனக்குத் திக்கென்றது. என் சூரியன் இல்லை, ஆறு கதிர்தான் இருந்தது.

படம் நல்லதுதான், ஆனால் படம் எந்த வேளை என்றுதான் சொல்லும், எந்தக் கிழமை என்று சொல்லாது என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் பட்டமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அந்தப் பாடம் முடிந்திருந்தது.

ஜூன் 13, செவ்வாய்

இன்று எஸ்தரோடு வாக்குவாதம். எஸ்தர் என் மனைவி. காலையில் கடையில் கூட நிற்பாள். பாவூர்சத்திரத்திலிருந்து ஒருவர் மூட்டுவாதத்துக்கான மஞ்சள் மாத்திரை கேட்டு வந்தார். இல்லை என்றேன்.

"ஊர்ல எல்லாக் கடையிலயும் இருக்கு. நம்ம கடையில மட்டும் ஏங்க வைக்க மாட்டேங்கீங்க?" என்றாள்.

"ஓடாத சரக்கு."

"கேட்டு வந்தவர அனுப்பிட்டு ஓடாத சரக்குங்கீங்க."

கணக்குப் பிள்ளை மாதிரிப் பேசாதே என்று கத்திவிட்டேன். சாயங்காலம் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வெறும் பொடிதான் வந்தது.

ஜூன் 15, வியாழன்

பல்லி இல்லை. கவுண்ட்டரைச் சுற்றி எல்லா இடத்திலும் தேடிவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு. கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்துகள்.

அந்த மஞ்சள் மாத்திரை திரையில் வந்தது. மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் சாப்பிட்டால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிடும் என்றார். அடுத்து ஒரு வாயின் படம், உதடெல்லாம் வெந்த புண். ஹாலில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த மாத்திரை சாப்பிடுறவங்க வாய்ப்புண்ணுன்னு வந்து நின்னா, ஜெல் குடுத்து அனுப்பிடாதீங்க. மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்கன்னு கேளுங்க. தினமும்னு சொன்னா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மாத்து மருந்து இருக்கு. காப்பாத்திடலாம். அந்த ஒரு கேள்விதான் உயிர்."

எனக்கு இது தெரியாது.

ஜெல்லைப் பற்றி எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது மெஷின் என் விரலை ஏற்கவேயில்லை. காவலாளி பேரேட்டில் எழுதிக்கொண்டு விட்டார்.

ஜூன் 19, திங்கள்

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 21, புதன்

மொத்த வியாபாரியிடம் சொல்லி அந்த மாத்திரையில் ஒரே ஒரு டப்பா வாங்கினேன். உள்ளே மடித்திருந்த துண்டுத் தாளை விரித்தேன். மேஜை முழுக்க வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேர வேலைதான். அதை நான் பதினொரு வருடம் செய்யவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. நோட்டு யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன், படிக்கப் பயந்துதான் விட்டேன்.

உலகம்மாள். வயது ஐம்பத்து நான்கு. பீடி சுற்றிச் சுற்றி விரல் முட்டெல்லாம் வீங்கிக் கோணிப் போயிருந்தது. "தம்பி" என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், நான் அவளை அக்கா என்பேன். கடைக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், பீடி இலை வெட்டும் கத்தரியின் பிடியால் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டுவாள். கண்ணாடி உடைஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும் அக்கா என்று நான் கேலி செய்வேன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் நீட்டிய டாக்டர் சீட்டில் முதல் வரி, காலையில் ஒன்று. அதற்குக் கீழே இரண்டாவது வரி, செவ்வாய் மட்டும். முதல் வரியைப் படித்த உடனே கை சூரியனைப் போட்டுவிட்டது. முப்பது மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். இரண்டாவது வரி என் கண்ணில் பட்டது. பட்டும் மனசில் ஏறவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து தட்டினாள். வாயெல்லாம் புண் தம்பி, கஞ்சி குடிக்க முடியல என்றாள். ஜெல் கொடுத்தேன். சூடு உடம்பு, இளநீர் குடிங்க என்று உபதேசமும் செய்தேன். எட்டாம் நாள் செத்துப்போனாள். துஷ்டிக்குப் போனேன். காய்ச்சல், ரத்தத்தில் கிருமி என்று பேசிக்கொண்டார்கள். அங்கே, பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது, அந்த இரண்டாவது வரி ஞாபகத்துக்கு வந்தது.

வந்ததை அப்படியே அமுக்கினேன். இத்தனூண்டு மாத்திரை என்ன செய்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அன்றோடு சூரியனை நிறுத்தினேன். அந்த மாத்திரையையும் நிறுத்தினேன்.

ஜூன் 25, ஞாயிறு

நான்காம் வகுப்பு. என்ன தவறைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை நோயாளிக்குத் தெரியாமல் சர்க்கரை கலந்த இருமல் மருந்து கொடுத்துவிட்டேன், பிறகு ஓடிப்போய் மாற்றினேன் என்றேன். "நல்ல உதாரணம் சார், எல்லாருக்கும் உபயோகப்படும்" என்றார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

மூன்று தட்டு. காலை ஒன்பது மணி. நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். திரும்பக் கூடாது என்று இருந்தேன்.

"அண்ணாச்சி, எவ்வளவு நேரமாத் தட்டுதேன்."

திரும்பினால் செண்பகவல்லி. உலகம்மாளின் மகள். முப்பத்தாறு வயது இருக்கும். அவளும் பீடிதான் சுற்றுகிறாள். கையில் அம்மாவின் அதே கத்தரி. அவள் விரல் முட்டுகளும் வீங்க ஆரம்பித்திருந்தன.

பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தாளாம். அம்மாவுக்கு வந்த வாதம்தான் என்று சொன்னார்களாம். பத்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்றைக் கண்ணாடி மேல் வைத்தாள். மஞ்சள்.

"வாரத்துக்கு ஒண்ணுதான்னு அங்க சொல்லுதாவோ. செவ்வாக்கெழம. அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஆரம்பிப்பமேன்னு வந்தேன். எங்கம்மா இத தெனமும் சாப்பிட்டாள்லா?"

இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் பழுப்பேறிய மாத்திரைக் கவர். என் கடை முத்திரை. எட்டுக் கதிர். சிரித்த முகம்.

"இத ஏன் வச்சிருக்க?" என்றேன்.

"எங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான அண்ணாச்சி. தம்பி போட்ட சூரியன்னு எல்லாருட்டயும் காட்டுவா. தூரப் போட மனசு வரல."

நான் என்ன சொன்னேன் என்றால், "ஒங்க அம்மாவுக்கு நோய் முத்திப்போச்சும்மா. அதனால தெனமும் குடுத்தோம். ஒனக்கு இப்பதான ஆரம்பம். வாரத்துக்கு ஒண்ணு போதும்."

அவள் தலையாட்டினாள். அந்தக் கவரைக் கொடு, பழசு, கிழிச்சுப் போட்டுருதேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அது எங்கம்மாவோடது" என்று மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 5, புதன்

வாரத்துக்கு ஒன்று என்று அழுத்தித்தான் சொன்னேன். அட்டையில் செவ்வாய் மட்டும் என்று லேபிளும் ஒட்டிக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பழைய கதையை இப்போது கிளறினால் யாருக்கு என்ன லாபம்.

மத்தியானம் மூன்று தட்டு. எழுந்து பார்க்கவில்லை.

ஜூலை 12, புதன்

இருமல் மருந்துக் கதையை ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. நோயாளி எனக்கு நன்றி சொன்னதாகக்கூட எழுதியிருக்கிறேன்.

இரண்டு செவ்வாய் போய்விட்டது. நேற்று அவள் கம்பெனிக்கு வரவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

எழுத்துக் கோணலாக வருகிறது. வரட்டும்.

காலை எட்டரைக்குத் தட்டினாள். வாயைத் துணியால் மூடியிருந்தாள்.

"அண்ணாச்சி, வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல்லு குடுங்க. அம்மாவுக்குக் குடுத்தீயள்லா, அதே."

எஸ்தர் அலமாரியிலிருந்து ஜெல்லை எடுத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரைய எப்படிச் சாப்பிடுத?"

"மொத செவ்வா ஒண்ணுதான் சாப்பிட்டேன். கை வீங்கி இல மடக்க முடியல. எனக்கும் முத்திட்டு போலன்னுதான் போன செவ்வாயிலேருந்து தெனமும் ஒண்ணு. முத்துனா தெனமும்னு நீங்கதான சொன்னீய?"

அட்டையைக் கேட்டு வாங்கினேன். மூன்று போயிருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது போயிருந்தது. என் லேபிளின் மேலேயே விரலை வைத்து வைத்து அழுத்தி எடுத்திருக்கிறாள்.

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைத் துணிக்கு மேலே பார்த்தேன். உலகம்மாளின் அதே கண்.

"ஒங்கம்மாவும் வாரத்துக்கு ஒண்ணுதான் சாப்பிட்டிருக்கணும். சீட்டுல அப்படித்தான் இருந்திச்சி. நான்தான் தெனமும்னு சூரியனப் போட்டுட்டேன். அன்னைக்கு நான் ஒனக்குச் சொன்னது பொய்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். செண்பகவல்லி என்னைப் பார்க்கவில்லை, எஸ்தரின் கையில் இருந்த ஜெல்லைப் பார்த்தாள்.

"அப்பம் அந்த ஜெல்லு?"

"அன்னைக்கு நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா ஒங்கம்மா பொழச்சிருப்பா."

கார் பிடித்தோம். எஸ்தர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் நானே முன்னால் போய், என்ன மாத்திரை, எத்தனை நாள், யார் சொல்லிச் சாப்பிட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் கடைசிக் கேள்வியில் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ரத்தத்தில் வெள்ளை அணு பாதியாகியிருக்கிறது. மாற்று மருந்து ஏற்றுகிறார்கள். சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். என்னிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

ஜூலை 20, வியாழன்

பொதுவார்டில் செண்பகவல்லியின் கட்டில் காலடியில் நின்றேன். காய்ச்சல் இல்லை. புண் இன்னும் ஆறவில்லை. எஸ்தர் கொடுத்த கஞ்சியைக் கரண்டி கரண்டியாக விழுங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் பேசினாள். மூன்று நாளில் முதல் தடவை.

"எங்கம்மா கடைசி ரெண்டு நாளு தண்ணிகூட முழுங்கல. தெரியுமா?"

"தெரியாது."

"இப்பம் தெரிஞ்சுக்கிடுங்க."

வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாக எனக்குப் பாடம் எடுத்ததில்லை.

ஜூலை 21, வெள்ளி

எஸ்தர் கேட்டது ஒரே கேள்விதான். "பதினோரு வருஷமா அந்தப் பிள்ள நம்ம கடைக்கு வந்து போகுது. ஒங்களால எப்படிச் சிரிச்சுப் பேச முடிஞ்சுது?"

முடிந்தது. அதுதான் பதில். அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

கடைசி வகுப்பு. இருமல் மருந்துத் தாளைச் சட்டைப் பையிலேயே கிழித்துவிட்டு, இந்த நோட்டிலிருந்து உலகம்மாளின் கதையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நஸ்ரின் பானு நின்றுகொண்டே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"சார், இதைப் படிச்ச பிறகு நான் மேல அனுப்பாம இருக்க முடியாது. உங்க பதிவே போகலாம். தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?"

"அனுப்புங்க."

"பாடத்துல சேர்க்கணும்னா நோயாளி பேரை எடுத்துடுவோம். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணுன்னு மட்டும் போடுவோம்."

அவர் விதியைச் சொன்னார், சரிதான். ஆனால் இத்தனை வருடமாக நானும் அவள் பெயரை எடுத்துவிட்டுத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பாடத்தில் எடுத்துவிடுங்கள், மேலே அனுப்பும் தாளில் உலகம்மாள் என்று இருக்கட்டும் என்றேன்.

மற்ற எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியே வரும்போது மெஷின் என் விரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. ஏனோ அதுதான் அழுகையை வரவழைத்தது.

ஆகஸ்ட் 9, புதன்

செண்பகவல்லி வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எஸ்தர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லையாம். சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பதிவுத் தபாலில் பார்மசி கவுன்சிலின் கடிதம். அக்டோபரில் சென்னைக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். எஸ்தர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

சொல்லிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று தட்டு.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஒன்பது மணிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். டாக்டர் அதே மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார், வாரத்துக்கு ஒன்று, செவ்வாய்க்கிழமை, நடுவில் ரத்தப் பரிசோதனை. புது அட்டையைக் கண்ணாடி மேல் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். வாரா வாரம் வந்து ஒண்ணு வாங்கிக்கிடுதேன்."

எனக்குப் புரியவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளலாமே, இப்போதுதான் தெரியுமே என்றேன். என் பதிவு இருக்குமோ போகுமோ என்றும் சொன்னேன்.

"போனா கடைக்கு வெளிய நின்னு குடுங்க. எங்கம்மா ஒங்கள நம்பி வீட்டுல வச்சிச் சாப்பிட்டா. நான் ஒங்க கண்ணு முன்னால நின்னு சாப்பிடுதேன். நீங்க பாத்துக்கிட்டே இருக்கணும்."

"எத்தன நாளைக்கும்மா?"

"டாக்டர்ட்ட கேட்டேன். ஆயுசுக்கும்னு சொன்னாரு."

ஒரு மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். கொண்டுவந்திருந்த தண்ணீரில் விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே புண் இல்லை. நான் பார்க்கும்வரை திறந்தே வைத்திருந்தாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஒன்று கொடுத்தேன். விழுங்கி வாயைத் திறந்து காட்டினாள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

நோட்டில் இதுதான் கடைசிப் பக்கம். நாற்பது பக்கமும் எழுதித் தீர்த்த ஒரே மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

இன்று ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டேன். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூன்று தட்டு. தெருவில் பால்காரர்கூட இன்னும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

துணியைக் கீழே வைத்தேன். கவுண்ட்டருக்கு வந்து, ஆள் நிற்கும் இடத்துக்கு நேராக நின்றேன்.

"வாங்கக்கா. வாய்ப்புண்ணா? அந்த மாத்திரைய எப்படிச் சாப்பிடுதீய?"

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு போய் மிச்ச அலமாரியைத் துடைத்தேன்.

ஒன்பது மணிக்குச் செண்பகவல்லி வந்து தட்டினாள். ஒன்று கொடுத்தேன்.